நாற்பது நாளில் கல்லான வாயு

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் தராசக்கா என்று பேர். பாறைத் துண்டுகளை மில்லிகிராம் சுத்தமாக நிறுப்பாள். கூடவே எதிரில் நிற்கிற ஆளையும் நிறுத்து, எடை போதாது என்று முகத்திலேயே காட்டிவிடுவாள். பதினெட்டு வருஷமாக ஒப்பந்த வேலைதான். அவளிடம் வேலை பழகிய மூன்று பேர் அவளுக்கே அதிகாரிகளாகி, அவள் கழுவி வைத்த பீக்கரில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வேலை இதுதான். ஆலைப் புகையிலிருந்து பிரித்த கரியமில வாயுவை, இரண்டு கிலோமீட்டர் ஆழத்து மணற்பாறைக்குள் செலுத்தி அடைத்துவிட வேண்டும். அங்கேயிருக்கும் உப்புநீரில் அது கரைந்தால் நீர் லேசான அமிலமாகும். அமிலம் பாறையை அரிக்கும். அரிபட்டு வந்த தாதுக்களோடு சேர்ந்து மெல்ல மெல்லப் புதுக் கல்லாகவும் படியும். மெல்ல என்றால் நூற்றாண்டுக் கணக்கில். மேலாளருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. முதலீட்டாளர்கள் அடுத்த மாதமே வருகிறார்கள்.

கட்டைவிரல் பருமனுள்ள பாறைத் துண்டை உப்புநீரும் வாயுவுமாக எஃகுக் கலத்தில் போட்டு, சூடும் அழுத்தமும் ஏற்றி நாற்பது நாள் மூடி வைத்தாள். திறந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும், பிறகுதான் நிறுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஆனால் அன்றைக்குப் பார்த்து ஸ்டோர்காரர் ஒரு ஜோடி கையுறைக்கு மூன்று கையெழுத்து கேட்டார். அவரை வறுத்தெடுக்கிற மும்முரத்தில், துண்டைக் கழுவாமலே ஓவனுக்குள் தள்ளிவிட்டாள்.

மறுநாள் அவள் வந்து சேர்வதற்குள் மேலாளர் ஓவனைத் திறந்திருந்தார். துண்டின் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு பூச்சு. நிறுத்தால் எடையும் கூடியிருந்தது.

“கல்லாயிடுச்சு! நாப்பதே நாள்ல கேஸ் கல்லாயிடுச்சு!” என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

மதியத்துக்குள் கேக் வெட்டியாயிற்று. வரிசையில் நின்று லென்ஸ் வழியாகப் பார்த்த ஒன்பது பட்டதாரிகளில் ஒருத்தருக்கும் அதில் ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. வாயு கல்லாகியிருந்தால் நுரைத்துக் காட்டிக்கொடுத்திருக்கும். கை தட்டுவதற்கு மட்டும் எல்லோருக்கும் கை இருந்தது.

மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “உங்க வேலைய நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிட்டேன்மா. ரிப்போர்ட்ல ஒரு கையெழுத்து போட்டுடுங்க.”

வீட்டுக்குப் போன் செய்து சொன்னாள். “அப்பாடா! இனிமே வருஷா வருஷம் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்க வேணாம்” என்றான் கணவன்.

துண்டைக் கழுவினோமா என்ற சந்தேகம் அப்புறம்தான் வந்தது; எல்லோரும் கேக்கில் மூழ்கியிருந்தபோது அதை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். வெறும் உப்பு. கழுவாமல் காய்ந்த உப்புநீரின் உப்பு. ஊரிலுள்ளவர்களை எல்லாம் கரித்துக்கொட்டிய தன் கையாலேயே இந்தக் கூத்து நடந்ததை நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

நேரே மேலாளர் அறைக்குப் போனாள். “சார், அது உப்பு. நான் கழுவாம விட்டுட்டேன். தப்பு என்னுது.”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். “தெரியும்மா. காலையிலயே நக்கிப் பாத்துட்டேன். நீங்களும் நானும் வாயத் திறக்கலன்னா அது கல்லுதான்.”

ஒன்றும் தெரியாத மனுஷன் என்று இத்தனை வருஷமாக அவரை மட்டமாக நினைத்திருந்தாள். அதுவே அவருக்குக் கொடுத்த பெரிய மரியாதை என்று அப்போதுதான் புரிந்தது.

திரும்பி வந்து துண்டைக் குழாயடியில் பிடித்தாள். பூச்சு போய்விட்டது. உலர்த்தி நிறுத்தாள், எடை கலத்தில் போடுவதற்கு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. மணலைப் பிடித்துவைத்திருந்த சுண்ணாம்பை அமிலம் கரைத்திருந்தது. தேய்த்தால் விரலோடு மணல் உதிர்ந்தது. எல்லாவற்றையும், கழுவாமல் விட்டது தான் என்பதையும் சேர்த்து எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது. யாரும் புதுப்பிக்கவில்லை. மூன்றாம் நாள் கணவன் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டான்.

“நீ சொல்லலன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?”

“அந்தாளுக்கு முன்னாடியே தெரியும். அதுதான் கேவலம்” என்றாள்.