கனகாம்பிகையின் ஒற்றைப்படைப் பந்தயம்

ரொறன்ரோவுக்குப் பக்கத்து விட்பியில் கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டால் முதலில் காசை எடுத்து நீட்டுகிறவர் கனகாம்பிகை. ஞாயிறு மத்தியானங்களில் பிக்கரிங் கசினோவின் போக்கர் மேசையில் எங்களோடு இருப்பவரும் அவரேதான். இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை. இரண்டு இடத்திலும் அவர் வைக்கும் தொகை ஒன்றில் முடிவதே வழக்கம்: ஐம்பத்தொன்று, நூற்றொன்று. மொட்டையாகப் பூச்சியத்தில் முடிகிற காசு விளங்காது என்பது மட்டக்களப்பிலிருந்து அவரோடு விமானமேறி வந்த நம்பிக்கை.

தொழில், பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. பின்னால் பிள்ளைகள் பஸ்ஸைப் பிரித்தெடுக்கும்போதும் முகம் மாறாமல் ஓட்டிப் பழகியவர். போக்கருக்கு இதைவிடப் பெரிய படிப்பு கிடையாது.

எல்லை இல்லாத ஆட்டம் எங்களுடையது. முன்னாலிருப்பது முழுவதையும் எந்த நேரமும் தள்ளலாம். ஆகவே எவ்வளவு வைக்கிறோம் என்பதே ஒரு பேச்சு. நல்ல காட்ஸுக்கு ஓர் அளவு, ஒன்றுமில்லாமல் மிரட்டும் பொய்க்கு வேறு அளவு என்று வைக்கிறவன் வாயால் சொல்லிவிட்டு ஆடுகிறான். கனகாம்பிகை அப்படியில்லை. நடுவில் குவிந்திருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு, எப்போதும்.

கணவர் கந்தப்போடி ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: விளையாட்டுக்குத் தனிப் பேர்ஸ், அது வெறுமையானால் கசினோவுக்கு முழுக்கு. அந்த நாள் வரவேண்டுமென்று கோயிலில் நேர்த்தி வைத்ததாகவும் கேள்வி.

இந்தக் குளிர்காலத்தில் நேர்த்தி பலிக்கத் தொடங்கியது. கனகாம்பிகைக்கு நல்ல காட்ஸ் வந்தால் எங்கள் மேசை வாகீசன் விலகினான். பொய்யாக வைத்தால் பிடித்தான். இங்கே பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வங்கி வேலை, கம்ப்யூட்டரோடு போக்கர் படிக்கிறவன். பேர்ஸில் கடைசியாக இருந்ததோடு அவர் வந்த ஞாயிறன்றும் ஒரு பொய்யைப் பிடித்தான். ஆனால் கெட்டித்தனம் வயிற்றில் தங்கவில்லை.

"அன்ரி, உண்மையான காட்ஸ் எண்டா ஒரு டொலர் கூட்டி வைக்கிறியள். பொய்யெண்டா ரவுண்ட் நம்பர். பொய்யில மங்களம் சேர்க்க மனம் வரேல்லையோ?"

மேசையில் ஆங்கிலம் மட்டும் என்று காட்ஸ் போடும் மரியோ நினைவூட்டினார். கனகாம்பிகை முன்னாலிருந்த சிப்ஸை அடுக்கினார். தன் கை அப்படிச் செய்வது அவருக்கே அப்போதுதான் தெரியும். பொய்க்கு அந்த டொலரை வைப்பது இனியும் நடக்காது. ஆனால் உண்மைக்குக் கட்டாயம் வைக்கவேண்டும் என்று எந்தச் சாத்திரத்திலும் இல்லையே.

சற்றுப் பொறுத்து அவருக்கு இரண்டு ஒன்பது வந்தது. மேசையில் இன்னோர் ஒன்பதும் இரண்டு குயினும் விழுந்தன. தொண்ணூறு டொலர் குவிந்திருந்தபோது அறுபது வைத்தார், மொட்டையாக. வாகீசன் சிரித்துக்கொண்டு சேர்ந்தான். கடைசிக் காட்ஸ் விழுந்ததும் நூற்று நாற்பது தள்ளினார். அவர் முன்னால் மிஞ்சியது ஒரேயொரு டொலர் சிப். சேர்க்காமல் விட்ட அந்த மங்கள டொலரை வாகீசன் ஆசையோடு பார்த்தான். கையிலிருந்த ஏஸ் சோடியை நம்பி நூற்று நாற்பதையும் வைத்தான்.

கனகாம்பிகை இரண்டு ஒன்பதையும் திருப்பினார். மூன்று ஒன்பதும் இரண்டு குயினும் சேர்ந்தால் அதன் முன்னால் ஏஸ் சோடி நிற்காது.

"அன்ரி, உது அநியாயம்."

"நான் வாயே தொறக்கல்லயே மகன். நீதானே வாசிச்சாய்."

இப்போது அவர் மொட்டைத் தொகை வைத்தால் உண்மையா பொய்யா என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. ஒற்றைப்படை வைத்தால் மட்டும் சத்தியமாக உண்மை, பேசாமல் விலகிவிடுகிறோம். இவ்வளவு நேர்மையாக ஏமாற்றுகிறவரை ரொறன்ரோவில் வேறெங்கும் பார்க்க முடியாது என்று புதியவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

அன்று வீட்டில் கந்தப்போடி, "முடிஞ்சிதா?" என்று கேட்டாராம். கனகாம்பிகை பேர்ஸைக் கொடுத்தார். அவர் கையில் தூக்கிக் கனம் பார்த்துவிட்டு, வரும் ஞாயிறு பனி கொட்டுமாம், தானே காரில் கசினோவுக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்.