மழைக்காலக் கல்யாணத்துக்கு இரண்டு நாற்காலி

கல்யாணப் போட்டோ பிடிப்பது என்பது, ஆறு எண்ணி முடிக்கும்வரை ஒரு குடும்பத்தையே மூச்சுவிடாமல் இருக்கச் செய்கிற வேலை. வெயில் காலத்தில் இரண்டு எண்ணினால் போதும். ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால், அதிலும் ஓலைப்பந்தலுக்குள் எடுக்க நேர்ந்துவிட்டால், ஆறு. சில நாள் எட்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளிலும் முப்பதுகளிலும் தக்கலையில், திருவனந்தபுரம் சாலையோரம், எனக்கு ஒரு போட்டோக் கடை இருந்தது. மரப்பெட்டிக் காமிரா, அதை நிறுத்த ஒரு முக்காலி, கறுப்புத் துணி, கண்ணாடித் தகடுகள். பொத்தானை அமுக்குகிற சௌகரியமெல்லாம் கிடையாது. லென்ஸின் மூடியைக் கையால் கழற்றி, வாயால் எண்ணி, திரும்ப மூடவேண்டும். குளிர்காலத்தில் எங்களுக்கு ஒரு நன்மை உண்டு. குடத்துத் தண்ணீர் சில்லென்று இருப்பதால் தகட்டைக் கழுவும்போது மேல்பூச்சு உருகி வழியாது. ஆனால் கழுவுவதற்குப் படம் வேண்டுமே! வானம் மூடிக் கிடக்கும்.

இந்த இருட்டு மாதங்களில் நான் ஒரு பிடிவாதம் பிடித்தேன். மாப்பிள்ளையோடு மணப்பெண்ணும் உட்கார்ந்தால்தான் மூடியைக் கழற்றுவேன் என்பது அது. அது என்னைக் கடையைப் பூட்டுகிற இடம்வரை கொண்டுபோயிற்று. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கல்யாண வீட்டில் ஏச்சு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் ஆறுதல் கொள்ளுங்கள். மற்றவர்களும் வேறு ஏதாவது ஒரு துணிக்குள் தலையை விட்டு வாங்கித்தான் இருப்பீர்கள்.

இரண்டாவது மூக்குத்தி

கடை வைத்த முதல் வருஷம், கார்த்திகை மாதம். தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துக் கல்யாணம். மாப்பிள்ளை நாற்காலியில் இருப்பார், பெண் பக்கத்தில் நின்று அதன் முதுகில் கைவைத்துக்கொள்வாள்; அந்தக் காலத்து வழக்கம் அதுதான். நானும் அப்படியே நிறுத்தினேன். விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத பெண். கழுத்திலும் கையிலும் ஊர்ப்பட்ட நகை. ஆறு எண்ணுவதற்குள் அவள் லேசாக முன்னும் பின்னும் ஆடினாள். நான் மூன்று எண்ணும்போதே கவனித்தேன், என்ன செய்ய? திறந்த மூடியைப் பாதியில் மூடினால் தகடும் போச்சு.

படம் கழுவி வந்தது. மாப்பிள்ளையின் மீசையை ஒவ்வொரு மயிராக எண்ணலாம். பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிய ஒரு புகை நின்றுகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நேராகவும் தலைகீழாகவும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓய், எம் மவளுக்கு நான் ஒரு மூக்குத்திதான் செய்து போட்டேன். இந்த ரெண்டாவது ஆருக்க மூக்குத்திவே?"

கழுத்தைப் பிடிக்கும் கம்பி

நின்றுகொண்டு படம் எடுத்துக்கொள்பவர்களுக்கென்று இரும்புக் கம்பி ஒன்று விற்பார்கள். கீழே கனமான அடிப்பாகம். மேலே கவட்டை போல ஒரு பிடி. ஆளுக்குப் பின்னால் மறைத்து வைத்தால் பிடரியைத் தாங்கிக்கொள்ளும். அடுத்த கல்யாணத்துக்கு அதைக் கொண்டுபோனேன். பெண்ணின் பிடரியில் நான்கு முழம் பிச்சிப்பூ, அதற்குள் சடைநாகம் என்கிற பின்னல் நகை. கம்பியை ஒருவழியாக உள்ளே நுழைத்து நிறுத்தினேன். படம் நன்றாகவே வந்தது. வந்த வினை வேறு. நான் மூடியை மூடியதும், பெண் பெரியவர்கள் காலில் விழக் குனிந்தாள். கம்பி சடைநாகத்தில் மாட்டிக்கொண்டு அவளோடு கூடவே குனிந்தது. பந்தலில் இருந்த பெண்கள் ஒரே நேரத்தில் அலறியதில் நாதஸ்வரக்காரரே வாசிப்பை நிறுத்திவிட்டார். "பிள்ளையக் கெட்டிக் குடுத்தது மாப்பிள்ளைக்கா, இந்தக் கம்பிக்கா?" என்று பெண்ணின் அண்ணி கேட்டாள்.

திரும்பும்போது மழை. என் சாமான்களை ஏற்றுகிற மாட்டுவண்டி செல்லையாவுடையது. என் வயதுக்காரர், வாயைத் திறந்தால் ஒரே ஒரு வார்த்தைதான் வரும். அன்றைக்குப் புலியூர்க்குறிச்சி நெருங்கும்போது மாட்டின் வாலைப் பார்த்தபடியே சொன்னார்: "நிக்கவனுக்குத்தானே அண்ணாச்சி ஆட்டம்? ரெண்டு நாக்காலி போட்டா என்ன?"

உட்கார்ந்து பார்த்தவள்

ஒரே அளவில் இரண்டு தேக்கு நாற்காலி செய்யச்சொல்லி வண்டியில் ஏற்றிக்கொண்டேன். நான் சீர்திருத்தக்காரன் அல்ல. தகடு வீணாகக்கூடாது, அவ்வளவுதான் என் கொள்கை. ஆனால் இரண்டாவது நாற்காலியை இறக்கிவைத்த வீட்டிலெல்லாம் குழம்பில் பல்லி விழுந்த மாதிரி ஒரு பரபரப்பு. பெரியவர்கள் நிற்கும்போது வந்த அன்றைக்கே பெண் உட்காருவதாவது!

குளச்சலில் ஒரு மீன் வியாபாரி வீடு. கிறிஸ்துமஸ் கழிந்து மூன்று ராஜாக்கள் திருநாளும் முடிந்தபின் நடந்த கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். நாற்காலியைக் கண்டதும் இடுப்பில் கைவைத்தாள். "இந்த வீட்டுக்கு வந்து முப்பது வருசமாச்சு. அவியளுக்கு முன்னால நான் ஒருநாள் இருந்திருப்பேனா? நேத்து வந்தவளுக்கு நாக்காலியா?" நானும் விடவில்லை. பெண் உட்கார்ந்தால்தான் எடுப்பேன், இல்லாவிட்டால் வண்டி கிளம்பும் என்றேன். கடற்கரையே கேட்கும்படி ஒரு கால் மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் அந்த அம்மாள் என்னை ஒருமுறை முறைத்துவிட்டு, விறுவிறுவென்று வந்து அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தாள்.

அவள் கையை நாற்காலியின் கைமேல் வைத்தாள். முதுகைச் சாய்த்தாள். பிறகு சாவகாசமாகத் தன் புருஷனைப் பார்த்தாள். அவர் உடனே கடல்பக்கம் பார்க்கத் தொடங்கினார். எனக்கு அந்த முகத்தை ஒரு படம் பிடித்துவிடவேண்டும் என்று கை துடித்தது. ஆனால் தகடு ஒன்றுதான் மீதி. சற்று நேரத்தில் எழுந்து, மருமகளின் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள்: "இருந்து பாத்தேன், கொள்ளாம், சொகமாத்தான் இருக்கு. ஏட்டி, வந்து இரி."

நாலு செங்கல்

சிதறால் மலையடிவாரத்தில் ஒரு வீட்டார் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். பெண் உட்காரலாம், ஆட்சேபணை இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் சமத்துக்கு இருக்கக்கூடாது என்றார்கள். மாப்பிள்ளையின் மாமா நாலு செங்கல் கொண்டுவந்து மாப்பிள்ளையின் நாற்காலிக் கால்களுக்கு அடியில் வைத்தார். தரை முழுக்க மழை ஈரம். வேண்டாம் என்று சொன்னேன். "உமக்குப் படம் எடுக்கதுதானே சோலி?" என்றார். சரி, பட்டால்தான் தெரியும் என்று துணிக்குள் போய்விட்டேன்.

நான் நாலு எண்ணும்போது பின்னால் இருந்த செங்கல் ஒன்று சேற்றில் நழுவியது. மாப்பிள்ளை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துப் போனார். பெண் மட்டும் இம்மியும் அசையவில்லை. நான்தான் அசையக்கூடாது என்று சொல்லியிருந்தேனே. அந்தத் தகட்டை நான் வீணாகப் போனதாக நினைத்ததே இல்லை. சேற்றைத் தட்டிக்கொண்டு எழுந்த மாப்பிள்ளை நல்ல மனிதர், கோபப்படவில்லை. "செங்கல்லை எடுங்க மாமா," என்றார், "எனக்குத் தரையே போதும்."

கொழும்புக் கடிதம்

சிரித்தவர்கள் சிலர். சிரிக்காதவர்கள் பலர். 'தக்கலைப் போட்டோக்காரன் வீட்டுக்கு வந்தால் பெண்ணுக்குத் திமிர் ஏற்றிவிட்டுப் போவான்' என்று ஒரு பேச்சு கிளம்பியது. சொன்னபடி நிறுத்தி எடுத்துக் கொடுக்க வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரு வருஷம் ஐப்பசி போய், கார்த்திகை போய், மார்கழியும் முடிந்தது. ஒரே ஒரு கல்யாணம்கூட என் பக்கம் வரவில்லை. கண்ணாடித் தகடுகள் பெட்டி உடைக்காமலே இருந்தன. என் மனைவி எஸ்தரின் அண்ணன் கொழும்பிலிருந்து கடிதம் எழுதியிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தா வேலை இருக்கிறது, காமிராவை விற்றுவிட்டு மாசி மாதக் கப்பலுக்கு வரச் சொல் என்று.

வெயில் வந்ததும் எல்லாரையும் நிறுத்தி எடுத்துக்கொள்ளலாமே, இந்த மூன்று மாதத்துக்கு ஏன் இவ்வளவு வீம்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். கோபம்தான் வந்தது. கல்யாணம் இரண்டு பேருக்கு. படத்தில் முகம் தெரிவது ஒருவருக்கு மட்டும். அப்படி ஒரு படத்தை என் பெயர் போட்டு அட்டையில் ஒட்டிக்கொடுக்க என்னால் முடியவில்லை. எஸ்தர் கடிதத்தை மடித்து விளக்குத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "தையில ஒண்ணாவது வருதான்னு பாப்போம். வரல்லன்னா கப்பல்ல நமக்கு எப்படியும் ஒக்கார எடம் தருவாவ."

பெரிய வீட்டில் ஒரு நாற்காலி

தையில் ஒன்று வந்தது. இரணியலுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய வீடு. அந்த வட்டாரத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் தவில்காரர் முதல் சமையல்காரர் வரை அந்த வீட்டைக் கேட்டுத்தான் அமர்த்துவார்கள். அங்கே எடுத்தால் என் கடை பிழைத்தது. தை பிறந்தும் மழை விடாத வருஷம் அது. சாதி பார்க்கிற வீடு, என் நாற்காலிகளில் அவர்கள் உட்காரமாட்டார்கள் என்று தெரியும். என்னையே முற்றத்துக்கு மேல் ஏறவிடவில்லை. பந்தலுக்கு அவர்கள் வீட்டு நாற்காலி ஒன்று வந்தது. கருங்காலி. மாப்பிள்ளை அதில் இருந்தார். நாகர்கோவிலில் பள்ளிக்கூட வாத்தியார். பெண்ணின் பெயர் பகவதி. தலை நிமிரவே இல்லை. பக்கத்தில் அவள் தாய்மாமன் நின்றார். வீட்டுக்கு மூத்தவர், காரணவர். அவர் செருமினால் தெருவில் நாய் குரைப்பதை நிறுத்தும்.

"ஐயா, இன்னொரு நாற்காலி வேணும்," என்றேன்.

"உள்ள பதினெட்டு கெடக்கு. பிள்ளைக்கு வேண்டாம். ஆம்பிளையள் இருக்க சபையில எங்க வீட்டுப் பெண்பிள்ளையள் இருந்து பழக்கமில்ல."

"இந்த இருட்டுக்கு எட்டு எண்ணணும் ஐயா. நின்னா ஆடிப்போகும்."

"ஆடாம நிப்பா. நான் சொன்னா நிப்பா."

"வெளிச்சத்துக்கு உங்க சொல்லு மனசிலாகாதே, ஐயா."

"உனக்கு மனசிலாகும்லா?"

"மனசிலாச்சு. ஆனா எடுக்கமாட்டேன்."

கறுப்புத் துணியை மடிக்கத் தொடங்கினேன். மடிக்கும்போது எஸ்தரின் முகமும், நான் பார்த்தேயிராத தேயிலைத் தோட்டமும் கண்ணுக்குள் வந்துபோயின. வெளியே செல்லையா, நான் சொல்லாமலே மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். அப்போது மாப்பிள்ளை எழுந்தார்.

"இந்த நாக்காலியையும் எடுத்துடுங்க. நானும் நிக்கேன்."

"மாப்பிள்ளை, இதென்ன பேச்சு?" என்றார் காரணவர்.

"உங்க வீட்டு வழக்கத்தை நான் மாத்தல்லியே மாமா. நிக்கணும்னா ரெண்டு பேரும் நிக்கோம்."

"ரெண்டு பேருமே ஆடிப்போவீங்க," என்றேன் நான்.

"ஆடட்டும். எடுங்க."

என் சட்டத்தில் இதற்கு இடமில்லை. ஆனாலும் துணியை மறுபடி விரித்தேன். ஒருத்தி மட்டும் புகையாகப் போவதைத்தான் நான் இத்தனை வருஷமாகப் பொறுக்கமாட்டாமல் இருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நாற்காலி நடுவில் காலியாக நின்றது. சபை பார்க்க அதை எடுத்துப்போகச் சொல்லக் காரணவருக்கு மனமில்லை. தாமே வந்து அதில் உட்கார்ந்துகொண்டார். கோபத்தில் ஒரு இமைகூட அசையவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் அவருக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். நான் மூடியைக் கழற்றி, எட்டு எண்ணினேன்.

பத்து நாள் கழித்து இருவரும் பஸ் ஏறிக் கடைக்கு வந்தார்கள். நான் தயங்கித் தயங்கிப் படத்தை நீட்டினேன். மாப்பிள்ளை பார்த்துவிட்டு, இதிலே இன்னொரு பிரதி போட்டுக் கடை முகப்பிலே மாட்டுங்கள் என்றார். கேலி செய்கிறாரோ என்று நினைத்தேன்; இல்லை. பகவதி படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினாள். அன்றைக்குத்தான் அவள் முகத்தை நான் நேராகப் பார்த்தேன், குரலையும் கேட்டேன்: "மாமாதான் தெளிவா இருக்காவ அண்ணாச்சி. நாங்க ரெண்டு பேரும் சேந்துல்லா ஆடியிருக்கோம்!"

ஏறக்குறைய இருபது வருஷம் அசையாதே, அசையாதே என்று ஊரையெல்லாம் அதட்டிச் சம்பாதித்த நான், கொழும்புக் கப்பலுக்குத் தப்பித் தக்கலையிலேயே கிடந்தது, கடை முகப்பில் மாட்டிய அந்த அசைந்துபோன படத்தைப் பார்த்துவிட்டு 'எங்களுக்கும் இதே மாதிரி' என்று கேட்டு வந்தவர்களின் புண்ணியத்தால்தான்.