ஜலீலுக்குக் கிடைத்த மாத்திரை

மட்டாஞ்சேரியில் குடைக்கடை வைத்திருக்கும் அப்துல் ஜலீலுக்குக் குடலில் இருந்து ஒரு சின்னக் கட்டியை எடுத்தார்கள். புற்று இல்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்றார்கள். அவர் அண்ணன் குடல் புற்றில் போனவர். அந்தப் பயத்தில்தான், எழுபதை நெருங்கும் வயதில், ஆஸ்பத்திரியில் நடந்த ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்தார்.

“செலினியம்னு ஒரு தாது, இக்கா. கட்டி திரும்ப வராம அது தடுக்குமான்னு பார்க்கிறோம்,” என்றார் டாக்டர் ஃபிதா. “பாதிப் பேருக்கு அது. மீதிப் பேருக்கு அதே மாதிரி வெறும் மாத்திரை.”

“எனக்கு எது?”

“எனக்கே தெரியாது.”

“தெரியாம எப்படிம்மா கொடுப்பே?”

தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று ஃபிதா விளக்கினார். ஜலீலுக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி ஜலீலாவிடம் சொல்லப் பார்த்தார்; பாதியிலேயே குழம்பிப்போனார்.

ஆனால் மாத்திரை வேலை செய்தது. பசி எடுத்தது. சுள்ளிக்கல் வரை மூச்சு வாங்காமல் நடந்தார். பழைய கூட்டாளி சிவராமகிருஷ்ணன், மிளகுத் தரகராக இருந்தவர், அதே ஆராய்ச்சியில் இருந்தார். அவருக்கு ஒரு மாற்றமும் இல்லை.

“உமக்கு அசல், எனக்குப் பொய். ஆளுக்குப் பாதி மாத்திக்கலாம், ஓய்,” என்றார் அவர்.

“அது தப்புல்ல? டாக்டருக்கு வாக்குக் கொடுத்திருக்கோம்.”

சிவராமகிருஷ்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அதன்பிறகு கடைப்பக்கம் வரவே இல்லை. கொடுத்திருக்கலாமோ என்று ஜலீல் மாத்திரை போடும்போதெல்லாம் நினைத்தார்.

சில வருஷம் கழித்து ஆராய்ச்சி முடிந்தது. கடைசிப் பரிசோதனையில் ஜலீலுக்குப் புதிதாக ஒரு கட்டி தெரிந்தது, அப்போதே எடுத்துவிட்டார்கள். பிறகு ஃபிதா கூப்பிட்டு முடிவைச் சொன்னார். செலினியம் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் கட்டி வந்ததில் வித்தியாசமே இல்லையாம். ஜலீலுக்குக் கிடைத்தது வெறும் மாத்திரையாம்.

“அப்ப நான் தெம்பா நடந்தது?”

“அது மனசு பண்ணுறது, இக்கா. பொய்யில்ல.”

அவர் நேராக சிவராமகிருஷ்ணன் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவருக்கும் சேதி வந்திருந்தது. அவருக்குக் கிடைத்தது அசல்.

“எனக்குக் கட்டி வரலையே ஓய். அப்போ மருந்து கேட்டிருக்கு!”

“கேக்காதுன்னுதானே டாக்டர் சொல்லுது.”

“பின்னே எனக்கு ஏன் வரல?”

“எனக்கு வந்துச்சே, அது ஏன்? எனக்கு என்ன தெரியும்?”

சிவராமகிருஷ்ணன்தான் முதலில் சிரித்தார். உள்ளே கூப்பிட்டுச் சாயா கொடுத்தார். வெகுநேரம் பேசியும் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெளியவில்லை.

“கட்டி இருக்கான்னு மறுபடி எப்போ பார்க்கச் சொன்னா?” என்றார் சிவராமகிருஷ்ணன் கடைசியில்.

“அடுத்த வருஷம்.”

“என் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கு. பரவாயில்லை, உம்ம கூட நானும் வரேன்.”