மாடிப் பாட்டியின் பின்னல்

கத்தரி பின்னலைப் பாதி கடந்திருந்தபோது நாற்காலியில் இருந்த பாட்டியின் கை மேலே வந்தது. தோள் வரை வந்து, கொஞ்சம் நின்று, மறுபடி மடிக்கு இறங்கியது. அவள் பார்த்தாள். ஈ விரட்டுகிறார் என்று வைத்துக்கொண்டாள். மீதியையும் வெட்டினாள்.

"அடுத்து யாரு?"

யாரும் வரவில்லை. வரிசையில் நின்ற பிள்ளைகள் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடிப் பாட்டி குனிந்து, தரையில் கிடந்த பின்னலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நரைத்த பின்னல், முனையில் சிவப்பு ரிப்பன்.

"நீ அவிழ்த்துப் பின்னி விடுவேன்னுதாம்மா உட்கார்ந்தேன்" என்றார்.

ஒவ்வொரு வருஷமும் பண்டிகைக்கு முந்தின நாள் அவள் இந்த விடுதிக்கு முடி வெட்ட வருவாள். கீழே பெற்றோர் இல்லாத பிள்ளைகள். மாடியில் போக்கிடம் இல்லாத வயதான பெண்கள். மருந்துக்கடைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு பார்லர், ஒரே நாற்காலி. கூட்டம் நெரியும் நாள் அது. இருந்தாலும் மத்தியானம் வரை பூட்டிவிட்டு வருவாள். "புண்ணியத்தை முடி முடியா சேர்க்குறா" என்பான் வேன் ஓட்டும் கணவன். கேலிதான். ஆனால் தெருவில் யார் எதிரே வந்தாலும் சொல்லாமல் விடமாட்டான். அவளும் காதில் விழாதது போல நிற்பாள்.

கடைக்கு வருகிறவர்களிடம் இரண்டு தடவை கேட்பாள். முடியை விரலிடுக்கில் பிடித்துக் கண்ணாடியில் காட்டுவாள். "இவ்வளவு போதுமா?" இங்கே கண்ணாடி கொண்டுவருவதில்லை. எல்லோருக்கும் காதுக்குக் கீழே, ஒரே அளவு. பேன் தொல்லை இருக்காது என்று வார்டன் சொன்னது. மாடிப் பாட்டி இதுவரை இறங்கி வந்ததே இல்லை.

சத்தமில்லாமல் போனதைக் கவனித்து வார்டன் எட்டிப் பார்த்தார்.

"ஐயையோ, என்ன இது? இவங்களை யாரு கீழே அனுப்புனது?"

"நான்தான் மேடம்." எல்லோரும் வாயாடி என்று கூப்பிடும் சிறுமி வரிசையை விட்டு வந்தாள். "தினமும் பாட்டிக்கு நான்தான் பின்னுவேன். இன்னிக்கு பார்லர் அக்கா பின்னுனா அழகா இருக்கும்னு..."

"உன்னை யாரு பெரிய மனுஷி வேலை பார்க்கச் சொன்னா? பாரு, உன்னால என்ன ஆச்சுன்னு! பாவம், அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

வாயாடி அவளைப் பார்த்தாள்.

அவள் போர்த்தும் துணியை உதறினாள். முடி பறந்தது. ஒன்றும் ஒட்டியிராத துணியை இன்னொரு தடவை உதறினாள்.

பாட்டிதான் பேசினார். "பிள்ளையை விடும்மா. தலை லேசாத்தான் இருக்கு. இந்த வயசுல ஒரு புது ஃபேஷன்."

யாரோ சிரித்தார்கள். பாட்டி பின்னலைத் துண்டில் சுருட்டிக்கொண்டு படியேறினார். வாயாடி ஓடிப்போய்க் கை கொடுத்தாள். பாட்டி பிடித்துக்கொண்டார்.

கிளம்பும்போது வார்டன் டீ கொடுத்தார். "அடுத்த வருஷமும் மறக்காம வரணும்."

"வர்றேன் மேடம்." டம்ளரை வைத்துவிட்டுப் பையை எடுத்தாள்.

ராத்திரி கணவன் கேட்டான். "என்ன, இன்னிக்கு எத்தனை தலை?"

"பேசாம சாப்பிடுங்க."

மறுநாள் பண்டிகை. நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தாள். நெற்றியில் விழும் முடியைக் கொஞ்சம் வெட்டிவிடச் சொன்னாள்.

"இவ்வளவா?"

"ஆமா அண்ணி."

"இவ்வளவு போதும்ல?"

"நெத்தியில இருக்கிறதே நாலு முடி. இதுக்கு எத்தனை தடவை கேட்பீங்க?"

வெட்டிவிட்டாள். சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவினாள். பிறகு விடுதிக்குப் போனாள். வாயாடி புது உடுப்போடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து பாட்டி கையைத் தூக்குனாங்க. நான் பார்த்தேன்" என்றாள் அவள்.

"தெரியும். நானும் பார்த்தேனே" என்றாள் வாயாடி.

"வார்டன் இருக்காங்களா? அவங்ககிட்டயும் சொல்லணும்."

"ஊருக்குப் போயிட்டாங்க. நாளைக்குத்தான் வருவாங்க."

"பாட்டி?"

"தூங்குறாங்க."

அவள் படியில் உட்கார்ந்தாள். வாயாடி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். பிறகு அவள் எழுந்து போய்க் கடையைத் திறந்தாள். மூன்று பேர் வந்தார்கள்.