வால்வை யார் அடைப்பார்கள்?

என் கணவருக்கு நெருப்பென்றால் பயம். திருத்தங்கல்லில் வீடு கட்டிக் குடியிருக்கிற யாருக்கும் அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். எங்கேயோ ஒரு பட்டாசு யூனிட்டில் சத்தம் கேட்டால் எங்கள் ஜன்னல் கண்ணாடிகள் ஒருமுறை உதறும். தெருவே வாசலுக்கு வந்து, புகை எந்தப் பக்கம் என்று பார்க்கும். மற்றவர்கள் பார்த்துவிட்டு உள்ளே போய் விட்ட வேலையைத் தொடர்வார்கள். இவர் உள்ளே வந்து இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்குப் போன் போடுவார்.

இவர் ஓர் அச்சகத்தில் சூப்பர்வைசர். பொடி எழுத்தைக் கண்டால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக் கடைசி வரி வரை வாசிக்காமல் விடமாட்டார். வீட்டுப் பாலிசியையும் அப்படித்தான் வாசித்தார். ஏஜெண்ட் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவியை மென்றுகொண்டே தீ, இடி, வெடி, கலவரம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியாக, "தண்ணித் தொட்டி ஒடஞ்சாலும், குழாய் வெடிச்சு வீடு நனைஞ்சாலும் கவர் ஆகும் சார்" என்றார்.

காபி கொடுத்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எங்க குழாயில காத்துதாங்க வரும். காத்துக்கும் கவர் ஆகுமா?" என்று கேட்டேன். ஏஜெண்ட் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. காற்றைப் பற்றி ஏதாவது போட்டிருக்கிறதா என்று திரும்ப முதல் பக்கத்துக்குப் போய்விட்டார்.

நான் சொன்னது பொய்யில்லை. எங்கள் தெருவுக்குப் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருதரம்தான் தண்ணீர். வருவதற்கு முன்னால் குழாய்க்குள் காற்று முட்டும், பிறகு இருமும், பிறகு கொஞ்சம் செம்மண் நிறத்தில் துப்பும், அதன் பிறகுதான் தண்ணீர். அதுவும் காலையில் வரும் என்பார்கள், மத்தியானம் வரும். வருகிற நேரத்தில் வீட்டில் ஆள் இல்லையென்றால் அந்தத் தடவை போனதுதான். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள்கூட "தண்ணி வந்துருச்சாம்" என்று போன் வந்தால் இலையை மடக்கிவிட்டு எழுந்துவிடுவார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அப்பா எங்களோடு இருக்க வந்தது அதற்கடுத்த வருடம். வந்தார் என்று சொல்வது மரியாதைக்கு. தூக்கிக்கொண்டு வந்தோம். மல்லாங்கிணறு பக்கத்தில் அப்பாவுக்கு மானாவாரி நிலம். அம்மா போன பிறகும் அங்கேயே தனியாகப் பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, பருத்தியோடும் மக்காச்சோளத்தோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் வரப்பில் வழுக்கி விழுந்தவர் எழ முடியாமல் வெயிலிலேயே கிடந்திருக்கிறார். ஆடு மேய்க்க வந்தவர் பார்த்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றுவரை நினைத்துப் பார்ப்பதில்லை. இடுப்பில் ஆபரேஷன் நடந்தது நான் நர்ஸாக இருக்கிற சிவகாசி ஆஸ்பத்திரியிலேயேதான்.

இவர் மாமனாருக்காகப் பின்பக்கம் ஓர் அறை கட்டினார். வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்துக்கொண்டு நடக்கக் கம்பி, கண்ணாடி வைத்த பிளைவுட் அலமாரி, டாக்டர் சொன்ன மெத்தை. குறை சொல்ல முடியாது, பார்த்துப் பார்த்துத்தான் செய்தார். ஆனால் தெருவிலிருந்து வருகிற குழாய் பின்னால் இருக்கிற தரைத்தொட்டிக்குப் போக வேண்டுமே. அதை அந்த அறைச் சுவருக்குள்ளேயே புதைத்து, மேலே பூசி, பெயிண்ட் அடித்துவிட்டார். "குழாய் எங்கன போகுதுன்னு யாராவது கண்டுபிடிங்க பாப்போம்" என்று வந்தவர்களிடம் எல்லாம் பந்தயம் கட்டாத குறை.

அப்பாவுக்கு அறை பிடித்ததா என்று கேட்டால், பதில் அவர் கட்டிலுக்கடியில் இருந்தது. ஒரு மஞ்சள் பை, மடித்த வேட்டிகளோடு எப்போதும் தயாராக. வாக்கரை விட்டுக் கம்புக்கு மாறிய நாளிலிருந்து தினமும் ஒரே பேச்சுதான். "நல்லாத்தான நடக்கேன். ஊருக்குப் போறேன் தாயி." போனால் திரும்ப வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்த வரப்பும், அந்த வெயிலும், பார்க்க ஆளில்லாத அந்த வீடும் எனக்கு நெருப்பைவிடப் பெரிய பயம். அதனால் ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்குச் சொல்லி நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தேன். மாத்திரை மாறியிருக்கிறது, எக்ஸ்ரே பார்க்க வேண்டும், பேரன் ஹாஸ்டலிலிருந்து வருகிறான், இப்படி.

அன்றைக்கு மத்தியானம் காலை டியூட்டி முடித்துவிட்டு வந்து சோற்றில் கை வைத்திருந்தேன். வாசல் பக்கம் குழாய்க்குள் காற்று முட்டுகிற சத்தம் கேட்டது. வழக்கத்தைவிடப் பலமாக இருந்ததால், நல்ல வேகமாக வருகிறது என்று சந்தோஷம்கூடப் பட்டேன். அடுத்த நிமிடம் அப்பாவின் அறையில் ஏதோ பொத்தென்று விழுந்தது. ஓடிப் பார்த்தால் சுவர்ப் பூச்சு பெயர்ந்து, உள்ளே புதைத்திருந்த குழாய் பிளந்து, தண்ணீர் பீய்ச்சி அலமாரி மேல் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா கட்டிலில் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரத்தம் பீறிட்டால் முதலில் அமுக்கிப் பிடி, மற்றது பிறகு. இத்தனை வருட வேலையில் என் கை தானாகச் செய்கிற காரியம் அது. வாசலுக்கு ஓடிக் குழி மூடியைத் தூக்கி வால்வில் கை வைத்துவிட்டேன். உள்ளேயிருந்து அப்பாவின் குரல்.

"ஏத்தா! அடைச்சுப்புடாத! தண்ணித்தா! தண்ணி!"

என் கை நின்றுவிட்டது. அடைத்தால் என்ன ஆகும்? வந்த தண்ணீர் அடுத்த தெருவுக்குப் போய்விடும். தரைத்தொட்டி அடி தெரிகிறது. இனி பன்னிரண்டு நாள் கழித்து வந்தால் உண்டு. இதெல்லாம் யோசித்துச் செய்ததில்லை. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, அடுக்களைக்குப் போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு குடத்துக்கே நான் திணறிப் போனேன். எதிர்வீட்டு மதினியைக் கூப்பிட்டேன். அவர் பட்டாசுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டிக் கொடுப்பவர், ஒட்டிக்கொண்டிருந்த பசைக் கையோடு வந்தார். வரும்போதே தெருவுக்கும் ஒரு குரல் கொடுத்துவிட்டார். பிறகென்ன, அப்பாவின் அறைக்குள் வரிசை நின்றுவிட்டது. குடம், வாளி, பிளாஸ்டிக் டிரம், குக்கர், கிறிஸ்மஸுக்குப் பிரியாணி போடுகிற தேக்சா, எல்லாம் வந்தது. அப்பா கட்டிலில் இருந்தபடியே கம்பை நீட்டி வழிநடத்தினார்.

"ஏ பச்சைச் சேலை, ஒனக்குப் பெறகு அந்தப் பிள்ளை. வாளிய சாய்ச்சுப் பிடி, வெளிய போகுது பாரு. அம்புட்டுத் தண்ணியும் தரையிலயா விடுவீக?"

மெத்தை ஊறிக்கொண்டிருந்தது. அலமாரியின் பிளைவுட் உப்பிக்கொண்டிருந்தது. ஒருத்தர் கண்ணுக்கும் அது படவில்லை. மதினியின் மகள் போனில் வீடியோ எடுத்தாள். அதில் அப்பா முகத்தில் தெறித்த தண்ணீரைத் துடைக்காமல் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாய் விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நடுவில் இவருக்குப் போன் போட்டேன். "குழாய் வெடிச்சு வீடு பூராத் தண்ணிங்க" என்றேன். தீக்கும் இடிக்கும் பாலிசி எடுத்து வைத்திருக்கிற மனிதர், பொடி எழுத்தையெல்லாம் மனப்பாடம் செய்தவர், முதலில் கேட்டது இதைத்தான்: "தொட்டிக்குக் கொஞ்சம் ஊத்துனீகளா?"

தண்ணீர் தானாக நின்ற பிறகுதான் எல்லாருக்கும் சுயநினைவு வந்தது. ஏஜெண்டுக்குச் சொன்னோம். சேதம் கணக்கெடுக்கிற சர்வேயர் வந்து பார்க்கிறவரை எதையும் தொடாதீர்கள், நனைந்தது நனைந்தபடி இருக்கட்டும் என்றார். எங்கள் ஊர் வெயிலிடம் அதை யார் சொல்வது? மதுரையிலிருந்து சர்வேயர் வந்து சேர்வதற்குள் தரை காய்ந்து, மெத்தை மொரமொரப்பாகி, சுவர் பொடியாக உதிரத் தொடங்கியிருந்தது. தண்ணீர் வந்த வீடு என்று சொன்னால் சிரிப்பார்கள்.

அப்பாவை ஹாலில் படுக்க வைத்திருந்தோம். மஞ்சள் பையும் கூடவே ஹாலுக்கு வந்துவிட்டது. "ரூமும் போச்சு. இனி எனக்கு இங்கன என்ன வேலை? ஞாயித்துக்கெழம பஸ் ஏத்தி விடு" என்றார். எனக்குச் சாக்குகள் தீர்ந்து போயிருந்தன. க்ளெய்ம் பணம் வந்தால் ஒரு வாரத்தில் அறையைப் பழையபடி ஆக்கிவிடலாம், அப்பாவைப் பிடித்து வைக்கலாம் என்பதுதான் மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை. "இன்சூரன்ஸ்காரர் வந்து பாத்துட்டுப் போகட்டும்ப்பா" என்றேன். "சரி, நானும் சாட்சி சொல்லணும்ல" என்றார்.

சர்வேயர் சின்ன வயது. பொறுமையான ஆள். உதிர்ந்த சுவரைப் பார்த்தார், உப்பிய அலமாரியைத் தட்டிப் பார்த்தார், படம் எடுத்தார். பிறகு இவரிடம் கேட்டார்: "வெடிச்ச உடனே நஷ்டத்தைக் குறைக்க என்ன சார் செஞ்சீங்க? வால்வை எப்போ அடைச்சீங்க?"

இவர் கண்ணாடியை இறக்கினார். "உடனே என் வொய்ஃப் வால்வுக்கு ஓடிப்போயி..." என்று ஆரம்பித்தார். அதுவரை உண்மைதான். ஆனால் அப்பா விடவில்லை.

"வால்வையா? அவ அடைக்கத்தான் போனா சார். நாந்தான் அடைக்கக்கூடாதுன்னேன். ஒரு சொட்டு வீணாக்கல. தெருவே வந்து பிடிச்சுது. வேணும்னா கேட்டுப் பாருங்க."

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. தெரு வாசலில்தான் நின்றது. ஆமா சார், தேக்சாவிலகூடப் பிடிச்சோம் என்று ஒரு குரல். மதினியின் மகள் வீடியோவையே நீட்டிவிட்டாள். சர்வேயர் முழுதும் பார்த்தார். "ஏங்க அடைக்கல?" என்று கேட்டபோது, இப்படியும் ஒரு கேள்வி உண்டா என்பதுபோல எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"அடைச்சா தண்ணி போயிருமே சார்" என்றார் மதினி. "உங்க ஊர்ல தெனம் வருதோ?"

சர்வேயர் தண்ணீர் கேட்டார். நான் சொம்பில் கொடுத்தேன். அவர் பாதி குடித்த பிறகு அப்பா பெருமையாகச் சொன்னார்: "அது அன்னைக்குப் பிடிச்சதுதான்." சாட்சியப் பொருளையே அவருக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டோம் என்று இவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

சர்வேயர் தன்மையாகவே விளக்கினார். உடைந்த குழாய்க்கு எதுவும் கிடைக்காது, குழாயால் கெட்டதற்குத்தான் கிடைக்கும். குழாய் வெடித்தது விபத்து, அதனால் சுவருக்குக் கிடைக்கும். ஆனால் வால்வுக்குப் போன கை வால்வை அடைத்திருந்தால் மெத்தையும் அலமாரியும் தப்பித்திருக்கும். "நனைஞ்சது வேற சார், நனைய விட்டது வேற" என்றார். முடிவும் அப்படியே வந்தது.

இவர் இரண்டு நாள் பாலிசியின் பொடி எழுத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார். எனக்கு அப்பாவின் மேல் கோபமான கோபம். "நீங்க பேசாம இருந்திருந்தா என்னப்பா?" என்று கேட்டே விட்டேன். அலமாரி போனதற்காக இல்லை, ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டதே என்பதற்காக. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அலமாரி எனக்கெதுக்குத்தா? நாலு வேட்டிக்கு ஒரு ஆணி போதும்" என்றார் அப்பா. பிறகு இவரைக் கூப்பிட்டார். "மாப்ளை, கொத்தனார்ட்ட சொல்லி அந்தக் குழாயச் செவத்துக்கு வெளிய விடச் சொல்லுங்க. உள்ள பொதைச்சா காத்து வர்ற சத்தமே கேக்கல. இந்தத் தெருவுல பகல்ல வேலையில்லாம வீட்டுல இருக்கவன் நான் ஒருத்தன்தான். அதுக எல்லாம் வேல வெட்டியப் பாக்கவா, குழாயப் பாக்கவா?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த அறைக்குள் குடத்தோடு நுழைந்த பெண்கள் யாரும் அதன் பிறகு சும்மா தாண்டிப் போவதில்லை. ஹால் ஜன்னலில் எட்டி, "ஐயா, இன்னைக்கு வருமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். மழைக்கு வானம் பார்த்தே வயதான மனிதரிடம் அதைவிடப் பொருத்தமாக வேறெதைக் கேட்பது?

இப்போது குழாய் சுவருக்கு வெளியே, அப்பாவின் தலைமாட்டில் போகிறது. இவருக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் முகம் சுண்டும். காற்று முட்டியதும் அப்பா ஜன்னல் கம்பியில் கம்பால் தட்டுவார், தெரு குடத்தை எடுக்கும். ஆணியில் வேட்டிகள் தொங்குகின்றன. மஞ்சள் பை காலியாகக் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. ஊருக்குப் போகிற பேச்சு மட்டும் மாறவில்லை.

"அடுத்த தண்ணி வரட்டும். பிடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்" என்கிறார். தண்ணீர் வருகிறது. மறுபடியும், "அடுத்த தண்ணி வரட்டும்."

ஒருதரம் அவர் அதைச் சொல்லாமல் பையை எடுத்துவிடுவாரோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மதினி என் பக்கத்தில் முழங்கால் போட்டு, ஆண்டவரே, இந்த வாரமாவது தண்ணீர் சீக்கிரம் வரட்டும் என்று வாய்விட்டே ஜெபிக்கிறார். தெரு மொத்தமும் கேட்பது அதைத்தான். நான் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கொஞ்சம் மெதுவாக வரட்டும் ஆண்டவரே என்று கேட்டுக்கொள்கிறேன்.