தராசுக்கு மேலே ஒட்டிய தாள்

பீன்யா மருந்து ஆலையின் தரவுத்தளத்தைப் பதினோரு வருடமாகக் கட்டிக்காப்பவள் ஆஞ்சலா. யாரையும் லேசில் நம்பமாட்டாள். ஜெர்மனியிலிருந்து வந்த மாத்திரைத் தயாரிப்புக் குறிப்பை அன்று காலை அவள்தான் அதில் ஏற்றினாள். அங்கே தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள். 2,500 என்றால் இரண்டரை கிராம் சாயம். தரவுத்தளம் அதை இரண்டாயிரத்து ஐந்நூறு கிராம் என்று பதிந்திருந்ததை மதியம்தான் கண்டாள். எடைபோடும் அறைக்கு ஓடினாள்.

அங்கே எடைபோடும் கிளெமென்ட் காலியான சாய டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“ரெண்டரை கிலோவையும் கொட்டிட்டீங்களா? சந்தேகமே வரலையாண்ணா?”

“வந்துச்சும்மா. எப்பவும் ஒரு ஸ்பூன்தானே.”

அவர் தராசுக்கு மேலே கைகாட்டினார். போன மாதம் அவளே கையெழுத்துப் போட்டு ஒட்டிய தாள்: ‘திரையில் வரும் எடையை மட்டும் போடவும். சொந்த மூளை வேண்டாம்.’