கட்டு சிஸ்டரின் 'போயிட்டு வரேன்'

ஐம்பத்தொன்பது வயதில் முதல் பாஸ்போர்ட் எடுத்தார் கட்டு சிஸ்டர். அரசு மருத்துவமனையில் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுப் போடும் அறையிலேயே வேலைக்காலம் முழுவதும் கழிந்ததால் வந்த பெயர் அது. ஓய்வு பெற்ற மறு வருடம், அவருடைய சபையிலிருந்து மருத்துவ ஊழியத்துக்காக வெளிநாடு கிளம்பிய குழுவில் மூன்று மாதத்துக்குச் சேர்ந்துகொண்டார். நடக்க முடியாத முதியவர்களின் வீடுகளுக்குத் தினமும் போய், கால் புண்ணுக்குக் கட்டுப் போட வேண்டும்.

வழியனுப்பக் கணவர் வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "அங்க யாரு உன் அதட்டலுக்குப் பயப்படப் போறாங்க? பயந்து பழகினவன் நான் ஒருத்தன்தான், நானே இங்க நிக்கறேன்" என்றார்.

"மூணு மாசம் நிம்மதியா இருங்க. பால் பொங்கினா அடுப்பை அணைக்கணும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். போயிட்டு வரேன்."

போன ஊரில் அவருக்கு ஒரு மாடி அறை கிடைத்தது. குழாயை இடது பக்கம் திருப்பினால் கை வெந்தது, வலது பக்கம் திருப்பினால் விரல் மரத்தது. படியில் எதிரே வருகிறவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்க வாய் துறுதுறுத்தது. பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்களைத் தவறவிட்ட பிறகுதான், அங்கே வரிசை என்று ஒன்று நிற்பதும், தான் அதற்கு வெளியே நிற்பதும் புரிந்தது.

மொழிக்கு உதவியாக, அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு பேக்கரியில் வேலை செய்யும் தமிழ்ப் பெண் ஒருத்தி முதல் வாரம் கூடவே வந்தாள். பிறகு அவளுடைய வேலை நேரம் மாறிவிட்டது. அதற்குள் தேவையான வாக்கியங்களைச் சிஸ்டர் மனப்பாடம் செய்துகொண்டார். காலை நீட்டுங்கள். வலிக்கிறதா? தண்ணீர் படக்கூடாது. கடைசியாக, "போயிட்டு வரேன்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். அவள் மாவுக் கையோடு ஓடுகிற அவசரத்தில், சொல்லுக்குச் சொல் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது வாரம் கதவு திறக்கும் முகங்கள் மாறின. சிரித்து வரவேற்றவர்கள் நாற்காலியைக் காட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தெருக்கோடியில் தனியாக இருந்த தச்சர், கணுக்கால் புண் ஆறி வருகிற நேரத்தில், காலை இழுத்துக்கொண்டு கட்டவே விடவில்லை. பெரிய குரலில் ஏதோ சொன்னார். சிஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் குழுத் தலைவரான பாஸ்டர் கூப்பிட்டார். "சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. சில வீடுகள்ல உங்களை அனுப்ப வேண்டாங்கறாங்க. நீங்க பொய் சொல்றீங்களாம்."

"பொய்யா? நானா? காலை நீட்டுங்கறதுல என்ன பொய் இருக்கு பாஸ்டர்?"

"விசாரிக்கிறேன். அதுவரைக்கும் மருந்து ரூம்ல இருங்க."

"டப்பா அடுக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? அதுக்கு ஊருக்கே போயிடறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, அறைக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் யோசனை வந்தது. பாதியில் திரும்பினால் ஊரில் தெருவே காரணம் கேட்கும். அதைவிடப் பெரிய கவலை தச்சரின் கால். இன்னும் ஒரு வாரம் ஒழுங்காகக் கட்டினால் புண் மூடிவிடும். விட்டால் மறுபடி முதலிலிருந்துதான். நேரே பேக்கரிக்குப் போய், அந்தப் பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு தச்சர் வீட்டுக்கு நடந்தார்.

கதவைத் திறந்த தச்சர், சிஸ்டரைப் பார்க்காமல் அவளிடம் பொரிந்து தள்ளினார். கேட்டுக்கொண்டிருந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடிப்பாவி, என் மானம் கப்பலேறுது, சிரிக்கிறியே! என்னதான் சொல்றாரு?"

"அம்மா, தினம் கட்டு போட்டுட்டு என்ன சொல்லிட்டுக் கிளம்புறீங்க?"

"போயிட்டு வரேன்னு. வேற என்ன சொல்வாங்க?"

"நான் மாத்திக் கொடுத்த மாதிரி சொன்னா, இதோ திரும்பி வரேன்னு அர்த்தம்மா! மனுஷன் கதவைத் தாழ் போடாம, உங்களுக்கும் சேர்த்து சூப்பைச் சூடு பண்ணி வெச்சுட்டு உக்காந்திருக்காரு. தினமும்! தெரு பூரா இதே கதைதானாம். எதிர்வீட்டம்மா குளிக்கக்கூடப் போகலையாம், நீங்க வந்துடுவீங்கன்னு."

சிஸ்டர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கியதுபோல் இருந்தது. "இவ்வளவுதானா?" என்றார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் விஷயத்தை விளக்கியதும், சிரிப்பை அடக்கியதில் தச்சரின் மீசை துடித்தது. காலை நீட்டினார்.

"இனிமே 'போறேன்'னு மட்டும் சொல்லுங்கம்மா, முடிஞ்சுது."

"உடம்பு முடியாதவர் முன்னாடி நின்னு போறேன்னு சொல்றதா? எனக்கு வாய் வராதுடி."

போனில் கேட்ட கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வேலையில இருந்த வரைக்கும் 'போலாம் ரைட்'னுதான் கத்தினேன். எந்த பஸ்ஸாவது திரும்பி வராம இருந்துச்சா?"

கடைசியில் பேக்கரிப் பெண் நடுவில் ஒரு சொல்லைச் செருகிக் கொடுத்தாள்: போயிட்டு நாளைக்கு வரேன். பாஸ்டர் வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொன்னார். சிஸ்டர் மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். தச்சரின் புண் மூடியது.

ஊர் திரும்பும் முன் விடைபெறப் போனபோது 'நாளைக்கு' என்றும் சொல்ல முடியாது. பேக்கரிப் பெண்ணும் பாஸ்டரும் கூட வந்திருந்தார்கள். தச்சர் சூப் ஊற்றிக் கொடுத்தார், ஆவி பறந்தது. வாசலுக்கு வந்ததும் சிஸ்டர் பழக்க தோஷத்தில் தமிழிலேயே, "போயிட்டு வரேன்" என்றார். பேக்கரிப் பெண் சொல்லிக் கொடுத்து, அந்தத் தமிழ் இப்போது தச்சருக்கு அத்துப்படி. உடனே பேக்கரிப் பெண்ணிடம் ஏதோ கேட்டார்.

"எப்போன்னு கேக்கறாரும்மா."

சிஸ்டர் திரும்பிப் பாஸ்டரைப் பார்த்தார்.

"அடுத்த குழு ஏப்ரல்ல" என்றார் பாஸ்டர்.

"அப்ப ஏப்ரல்னு சொல்லிடு."

ஏப்ரலுக்கு டிக்கெட் போட்டாயிற்று. இந்த முறை கண்டக்டரும் போகிறார்.